துக்கம் கேட்க வந்தவர்

அவர் பெயரை நான் சொல்லப்போவதில்லை. சொன்னால் தூத்துக்குடியில் பழைய ஆட்கள், "யாரு, அந்தக் காப்பித்தூள் ஆளா?" என்று கேட்டுவிட்டுச் சிரிப்பார்கள். அந்தச் சிரிப்பு எனக்கு ஆகாது. நாங்கள் அவரை அண்ணாச்சி என்றுதான் கூப்பிட்டோம். இங்கேயும் அப்படியே இருக்கட்டும்.

பழைய துறைமுகத்தில் விஞ்ச் ஓட்டுகிற வேலை அவருக்கு. தோணியில் வரும் மூட்டைகளை இரும்புக் கயிற்றில் மாட்டிக் கரைக்குத் தூக்குகிற இயந்திரம் அது. ஆள் குட்டை, ஆனால் கதவை அடைத்துக்கொண்டு நிற்கிற அகலம். கைலியை மடித்துக் கட்டினால் முழங்காலுக்குக் கீழே ஒரே தழும்பு. துறைமுக அணிக்குப் பல வருடம் ஃபுல்பேக் ஆடியவர். கோலுக்கு முன்னால் நின்றுகொண்டு, பந்தோடு வருகிறவனை மறிப்பது அந்த இடத்து ஆட்டக்காரன் வேலை. அண்ணாச்சிக்குப் பந்தை மறிப்பதைவிட ஆளை மறிப்பதில்தான் பிரியம் என்று ஊரே சொல்லும்.

மறிக்கப்பட்ட ஆள் பெரும்பாலும் என் வீட்டுக்காரர். அவர் மில் அணியின் சென்டர் ஃபார்வர்டு. கோல் போடுகிற இடம். மாநில அணிக்கு ஆடிக் கல்கத்தா வரை போய் வந்தவர். கடைத்தெருவில் அவரோடு நடந்தால் சைக்கிளில் போகிறவர்கள் காலை ஊன்றி நின்று கும்பிடுவார்கள். நானும் ஏதோ கோல் போட்டவள் மாதிரி நிமிர்ந்து நடப்பேன். வீட்டுக்கு வந்தால் அதே காலுக்கு நல்லெண்ணெய் காய்ச்சி ஊற்றி நீவிவிட வேண்டும். "இது யாரு மிதிச்சது?" என்று கேட்பேன். "அந்த ஹார்பர்காரந்தான்" என்பார். நான் எண்ணெய் தேய்க்கத் தேய்க்க, முகம் தெரியாத அந்த ஹார்பர்காரனின் ஏழு தலைமுறையையும் வைது தீர்ப்பேன். வெளங்காமப் போவான், அவன் குடும்பம் வெளங்காமப் போவும், இப்படி.

அந்த ஹார்பர்காரர் ஆட்டத்தை விட்டு இரண்டு மூன்று வருடம் கழித்து என் வீட்டுக்காரருக்கும் முட்டில் ஜவ்வு கிழிந்தது. புது ஹார்பருக்குக் கல் ஏற்றிக்கொண்டு லாரிகள் இரவு பகலாக ஓடிக்கொண்டிருந்த காலம். டாக்டர் படம் எடுத்துப் பார்த்துவிட்டு, இனி நடக்கலாம், ஓட முடியாது என்று சொல்லிவிட்டார். முப்பத்தொரு வயது. மில் மைதானத்தில் ஷாமியானா போட்டு, ரோஜா மாலை, பொன்னாடை, மக்ரூன் பாக்கெட் எல்லாம் கொடுத்து அனுப்பிவைத்தார்கள். கூடவே ஒரு பெரிய சுவர்க் கடிகாரம். இனிமேல் பொழுது போகாமல் உட்காரப்போகிறவனுக்குக் கடிகாரம் கொடுக்கலாம் என்று எந்தப் புண்ணியவானுக்குத் தோன்றியதோ! மில் வேலை மட்டும் இருந்தது. ஸ்டோர் ரூமில் சும்மா உட்காருகிற வேலை.

மறுநாள் சாயங்காலம் நான் மிஷினில் ஒரு பாவாடை தைத்துக்கொண்டிருந்தேன். வாசலில் நிழல் தட்டியது. நிமிர்ந்து பார்த்தால் ஒரு ஆள், கையில் இரண்டு பொட்டலம். வாங்க என்று நான் சொல்வதற்கு முன்னாலேயே உள்ளே வந்து, நாற்காலி இருக்கத் தரையில் உட்கார்ந்தார். பொட்டலங்களை நிலைப்படி ஓரமாக வைத்தார். ஒன்றில் காப்பித்தூள் வாசனை, இன்னொன்று சீனி. ஒரு வார்த்தை பேசவில்லை. தலையைக் குனிந்தபடி கொஞ்ச நேரம் இருந்தார். பிறகு எழுந்து, போயிட்டு வாரேன் என்றுகூடச் சொல்லாமல் போய்விட்டார்.

மிஷினை நிறுத்திவிட்டு அந்தப் பொட்டலங்களையே பார்த்தேன். எங்கள் பக்கத்தில் எழவு வீட்டில் அடுப்பு எரியாது. வருகிறவர்கள்தான் காப்பித்தூளும் சீனியும் கொண்டு வருவார்கள். யாரும் யாரையும் வாங்க என்று சொல்ல மாட்டார்கள். போகிறவர்களும் சொல்லிக்கொள்ள மாட்டார்கள். அப்படித்தான் இந்த மனிதர் வந்துவிட்டுப் போயிருக்கிறார்! உள்ளே பார்த்தால் என் வீட்டுக்காரர் கட்டிலில் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார்.

"யாரு அது?" என்று கேட்டேன்.

"ஹார்பர்காரன்" என்றார்.

அடுத்த நாளும் வந்தார். நான் சும்மா விடுவேனா? வாசலிலேயே மறித்தேன். "யோவ், எங்க வீட்ல யாரும் சாவல. மஞ்சளும் பூவுமா நான் நிக்கேன், கண்ணு தெரியலியா? மிதிச்சது பத்தாதுன்னு வீடு தேடி வந்து சாபம் குடுக்கீரா?"

அவர் கோபப்படவில்லை. "ஒங்க வீட்டுல ஒரு ஆட்டக்காரன் இருந்தாம்லா தங்கச்சி. அவன் போயிட்டான். நான் அவனுக்கு வந்திருக்கேன்" என்றார். என்னைச் சுற்றிக்கொண்டு போய், நேற்று உட்கார்ந்த இடத்திலேயே உட்கார்ந்தார். கோட்டி பிடித்த ஆள், புத்தி சரியில்லை என்று முடிவு கட்டினேன்.

ஆனால் வீட்டுக்குள் நடந்தது அதைவிடக் கோட்டித்தனமாக இருந்தது. என் வீட்டுக்காரர் விடியுமுன் எழுந்துவிடுவார். ஓடப் போகிற பழக்கம். எழுந்து காலைத் தொங்கப்போட்டுக் கட்டிலிலேயே உட்கார்ந்திருப்பார். மில்லிலிருந்து வந்ததும் படுத்துக்கொள்வார். முன்னே பானையைக் கவிழ்த்துத் தின்கிறவர், சோற்றை உருட்டி உருட்டித் தட்டிலேயே வைத்துவிடுவார். தாடி வளர்ந்தது. தூக்கத்தில் மட்டும் கால் உதறும். இடது கால் சுழன்று வந்து என் தொடையில் விழும். அந்த உதையில் பந்து எவ்வளவு தூரம் போயிருக்கும் என்று எனக்குத்தான் தெரியும்.

வந்தவர்கள் எல்லோரும் ஆறுதல் சொன்னார்கள். மாமியார், "காலுல போட்ட சப்பாத்து போனா என்னலே, காலு இருக்குல்லா? மாதா காப்பாத்துவா" என்றார். மில் சிநேகிதர்கள், "வேல இருக்கு, பொண்டாட்டி பிள்ள இருக்கு, ராசா மாதிரி இருக்க வேண்டியதான" என்றார்கள். மாதா கோவில் சாமியார், தைரியமாக இருக்க வேண்டும் என்றார். அத்தனை பேருக்கும் என் வீட்டுக்காரர் தலையாட்டினார். அந்தத் தலையாட்டலைப் பார்த்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

ஒரு நாள் நான் ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருந்தேன். படுத்தபடியே கேட்டார்: "ஏளா, நான் இல்லாட்டா ஒனக்கு மில்லுல வேல குடுப்பாகளா?"

சத்தியமாகச் சொல்கிறேன், அன்றிலிருந்து எனக்குத் தூக்கம் போனது. கிணற்றடிக்குப் போனாலும் பின்னாலேயே போவேன். கடற்கரைக்குப் போகிறேன் என்றால் எங்கள் கைப்பிள்ளையைத் தூக்கி அவர் கையில் திணித்து அனுப்புவேன். பிள்ளை கையில் இருந்தால் ஒன்றும் செய்ய மாட்டார் என்று ஒரு நம்பிக்கை. யாரிடமும் சொல்ல முடியவில்லை. சொன்னால் ஊர் வாயில் விழ வேண்டும்.

அந்தக் கோட்டி பிடித்த ஆளிடம்தான் சொன்னேன். வேறு யார் தினமும் வந்தார்கள்? பொன்னாடை போட்டவர்களில் ஒருவரையும் காணோம். இவர் ஷிப்டு முடிந்து, கையில் கிரீஸ் வாடையோடு, சரியாக மைதானத்தில் ஆட்டம் தொடங்குகிற நேரத்துக்கு வந்துவிடுவார். அந்த நேரத்தைத்தான் ஆட்டத்தை விட்டவனால் தாண்ட முடியாது என்பது அவர் கணக்கு.

நான் சொன்னதைக் கேட்டுவிட்டு, "சரி, நான் கூட இருக்கேன். நீங்களும் பாத்துக்கிடுங்க. ஆனா தைரியமா இருன்னு மட்டும் அவன்கிட்ட யாரும் சொல்லாண்டாம். தைரியமா இருந்து இருந்துதான் இப்பிடி ஆயிட்டான்" என்றார்.

"நீங்களாவது வாயத் தொறந்து நாலு வார்த்த பேசலாமே அண்ணாச்சி. சும்மா வந்து உக்காந்தா எப்பிடி?"

"விஞ்சுல கீழ நிக்கவன் கை காட்டாம நான் தூக்க மாட்டேன் தங்கச்சி. அவசரப்பட்டுத் தூக்குனா மூட்ட அவன் தலையிலதான் விழும்."

ஒரு நாள் வீட்டுக்காரர் வெடித்தார். "யோவ், நான் இன்னும் சாவலய்யா! எந்திச்சிப் போரும்!" என்று கத்திக் காப்பித்தூள் பொட்டலத்தை எடுத்துச் சுவரில் அடித்தார். வீடு முழுக்கத் தூள். அண்ணாச்சி அசையவில்லை. நான் கூட்டி அள்ளி, மேலாக இருந்ததைச் சலித்துக் காப்பி போட்டேன். மூன்று பேரும் குடித்தோம். வந்த நாளிலிருந்து வீட்டுக்காரர் அவரைப் பார்த்துப் பேசிய முதல் வார்த்தை அந்த வசவுதான். அதனால் அண்ணாச்சிக்கு அன்றைக்கு ரொம்பச் சந்தோஷம். போகும்போது அவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே!

இதற்கு நடுவில் என்னை ஒரு இடத்துக்குக் கூப்பிட்டார். "பொம்பளப் பிள்ள இருக்க வீடு. நான் தனியாப் போவக் கூடாது. நீங்க துணைக்கு வரணும்." மாமியாரை வீட்டில் காவல் வைத்துவிட்டுப் போனேன்.

அந்தப் பெண் மாநிலப் போட்டியில் ஓடி மெடல் வாங்கியவள். விடியற்காலையில் துறைமுக ரோட்டில் அவள் ஓடுவதை, வேலைக்குப் போகும்போது அண்ணாச்சி தினமும் பார்ப்பாராம். ஒரு நாள் அவளைக் காணவில்லை. மறுநாளும் காணவில்லை. விசாரித்தால் கல்யாணம் நிச்சயமாகியிருக்கிறது. நாங்கள் போன நேரம் அந்த வீட்டில் முந்திரிக்கொத்து பொரித்துக்கொண்டிருந்தார்கள். சுவரில் புதுச் சுண்ணாம்பு, வீடு நிறையச் சொந்தக்காரர்கள். இந்த மனிதர் கல்யாண வீட்டு வாசற்படியில் காப்பித்தூளையும் சீனியையும் வைத்துவிட்டு, கேட்டுக்கு வெளியே போய்த் தலையைக் குனிந்து நிற்கிறார்! எனக்குப் பூமி பிளந்து உள்ளே போய்விடலாம் போலிருந்தது.

பெண்ணின் அம்மா கரண்டியோடு ஓடி வந்தாள். "மங்கல காரியம் நடக்க வீட்டுக்கு இப்பிடியா வருவாக? ஒங்களுக்கு என்ன கேடு செஞ்சோம்?"

சத்தம் கேட்டுப் பெண் வெளியே வந்தாள். கையில் மருதாணி. பொட்டலத்தைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "யாருக்கு?" என்று கேட்டாள்.

"ஓடுன பிள்ளைக்கு" என்றார் அண்ணாச்சி, நிமிராமலே.

அந்தப் பெண் படியில் உட்கார்ந்து, பொட்டலத்தை மடியில் வைத்துக்கொண்டு அழ ஆரம்பித்தாள். அம்மாக்காரி பயந்துபோனாள். "மாப்பிள்ளயப் பிடிக்கலியாட்டீ?"

"பிடிச்சிருக்கும்மா. எல்லாம் பிடிச்சிருக்கு. ஆனா இனிமே நான் ஓட மாட்டேம்லா" என்று சொல்லிவிட்டு இன்னும் அழுதாள். கரண்டியைக் கீழே வைத்துவிட்டு அம்மாவும் பக்கத்தில் உட்கார்ந்தாள். அழாதே என்று சொல்லவில்லை, தலையைத் தடவிக்கொண்டே இருந்தாள். உள்ளே எண்ணெய் காய்கிற வாடை தூக்கியது. அப்போதுதான் எனக்கு இந்த மனிதர் என்ன செய்கிறார் என்று கொஞ்சம் புரிந்தது.

திரும்பி வரும் வழியில் கேட்டேன். "அண்ணாச்சி, நீங்க ஆட்டத்த விட்டப்போ ஒங்களுக்கு யாரு வந்தா?"

நடந்துகொண்டே சொன்னார். "என்னைய யாரும் விடச் சொல்லல. ஒரு நாள் லேஸ் எல்லாம் கட்டிட்டு நிக்கேன், பேர் வாசிக்காக, என் பேர் வரல. அவ்வளவுதான். வீட்டுக்கு வந்து ஆறு மாசம் பேச்சே இல்ல. செய்வினைன்னு சொல்லி என் பொஞ்சாதி கோயில் கோயிலா நேமிசம், நேர்ச்சையெல்லாம் போட்டா. அப்பறம் எங்க அப்பா தவறிட்டாக. ஊரே வந்து உக்காந்துச்சு. நான் அழுதேன் பாருங்க, மூணு நாளு! அப்பன் மேல என்னா பாசம்னு சனம் அசந்துபோச்சு." வெட்கப்பட்ட மாதிரி சிரித்தார். "அப்பாவுக்குக் கொஞ்சந்தான் தங்கச்சி அழுதேன். மத்ததெல்லாம் ஆட்டத்துக்கு. நாலாம் நாளு எனக்குத் தண்ணி தாகம் எடுத்துச்சு. அதுக்கு ஒருத்தன் அப்பன் சாவுறவரைக்கும் காத்துக் கெடக்க முடியுமா?"

இப்படி ஒரு மனிதரையா எண்ணெய் தேய்த்துக்கொண்டே வைதேன் என்று நினைத்தபோது எனக்கே சிரிப்பு வந்தது. படித்தவர்கள், பெரியவர்கள் என்று எத்தனையோ பேரைப் பார்த்துவிட்டேன். மற்றவன் துக்கம் இன்னதென்று கண்டுபிடித்து, அதற்குப் பக்கத்தில் போய்ப் பேசாமல் உட்காரத் தெரிந்தவர் இவர் ஒருவர்தான்.

வருடாந்தரப் போட்டியின் கடைசி ஆட்டம் வந்தது. மில்லுக்கும் துறைமுகத்துக்கும். காலையிலிருந்தே ரிக்‌ஷாவில் மைக் கட்டி ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு போனார்கள். அந்த ரிக்‌ஷா எங்கள் தெருவுக்குள் வரக் கூடாது என்று நான் செபமாலை சொன்னேன். வந்தது. சாயங்காலம் தைத்த துணியைக் கொடுக்கப் பக்கத்து வீட்டுக்குப் போய்விட்டு வந்தேன். கட்டில் காலி. மாமியார் பிள்ளையை அணைத்தபடி அசந்து தூங்கிக்கொண்டிருந்தார். பிள்ளையை விட்டுவிட்டுப் போயிருக்கிறார் வீட்டுக்காரர்!

தெருவில் இறங்கிக் கடலைப் பார்த்து ஓடினேன். எதிரே அண்ணாச்சி வந்தார். "காணோம் அண்ணாச்சி!" என்று கத்தினேன். அவர் என் முகத்தைப் பார்த்தார், மைதானத்துப் பக்கமிருந்து வருகிற இரைச்சலைக் கேட்டார்.

"கடக்கரையில பொறவு தேடுவோம். மொதல்ல இங்கன வாங்க" என்றார்.

மைதானத்தின் பின்பக்கம் உயரமான மதில். அந்தப் பக்கம் முள் நிறைந்த உடைமரமும் குப்பையும்தான், ஆள் போக மாட்டார்கள். அங்கே, செருப்புக்கூட இல்லாமல், மதிலில் நெற்றியை வைத்துக்கொண்டு என் வீட்டுக்காரர் நின்றிருந்தார். உள்ளே ஒவ்வொரு தடவை கூட்டம் கத்தும்போதும் அவருடைய இடது கால் துடித்தது. நான் ஓடிப்போய்ப் பிடிக்கப் பார்த்தேன். அண்ணாச்சி கையை நீட்டித் தடுத்தார். அவர் மட்டும் போய், மதிலில் முதுகைச் சாய்த்துப் பக்கத்தில் நின்றார்.

திடீரென்று உள்ளே ஊரே இடிந்து விழுகிற மாதிரி சத்தம். கோல்.

"யாரு அடிச்சா?" என்று கேட்டார் வீட்டுக்காரர், நெற்றியை எடுக்காமலே.

"யாரா இருந்தா என்னலே. நீயில்ல" என்றார் அண்ணாச்சி.

இப்படிச் சொல்லலாமா ஒரு மனிதர்? வீட்டுக்காரர் திரும்பி அவரைப் பார்த்தார். உதடு கோணியது. பிறகு ஒரு சத்தம் வந்தது பாருங்கள். ஆம்பிளை ஒருத்தன் அப்படி அழுது நான் கேட்டதில்லை. மண்ணில் உட்கார்ந்துவிட்டார். அண்ணாச்சியும் உட்கார்ந்து, தோளோடு தோளாகக் கட்டிக்கொண்டார்.

அந்தப் பக்கமாகச் சைக்கிளில் மீன்கூடையோடு போன ஒருவர் சத்தம் கேட்டு இறங்கினார். தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்துத் தோளில் போட்டுக்கொண்டு, மெதுவாகக் கேட்டார்: "யாருண்ணே தவறிட்டாக?"

"ஒரு சென்டர் ஃபார்வர்டு" என்றார் அண்ணாச்சி.

"நம்ம ஊரா?"

"நம்ம ஊருதான். என்னைய இந்த ஊரு முன்னால எத்தன தரம் மண்ணுல உருட்டிட்டுப் போயிருக்கான் தெரியுமா? எடது கால்ல அவன மாதிரி அடிக்கவன நான் பாத்ததே இல்ல. மறிக்க முடியாமத்தான் மிதிச்சேன்."

"நல்ல மனுசன் போலுக்கு."

"நல்லவனா? சரியான களவாணிப்பய. நான் வலது பக்கம் சாஞ்சா எடது பக்கம் இருப்பான்."

அழுதுகொண்டிருந்த என் வீட்டுக்காரர் அதற்குச் சிரித்துவிட்டார். மூக்கும் கண்ணும் ஒழுக ஒழுகச் சிரிப்பு. மீன்காரருக்கு ஒன்றும் விளங்கவில்லை. "வயசு?" என்று கேட்டார்.

"முப்பத்தொண்ணு."

"அடப்பாவமே, சின்ன வயசுல்லா" என்று சொல்லி, உண்மையான வருத்தத்தோடு சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போனார். உள்ளே ஆட்டம் முடிந்து வெடி போட்டார்கள். யார் ஜெயித்தது என்று எங்களில் ஒருவருக்கும் கேட்கத் தோன்றவில்லை.

வீட்டுக்காரர் கைலி நுனியால் முகத்தைத் துடைத்தார். "அண்ணாச்சி, நெசமாத்தான் சொன்னீரா? எடது காலப் பத்தி?"

"எளவு வீட்டுல எல்லாவனும் பொய்தான் சொல்லுவான். நான் சொல்ல மாட்டேன்."

வீட்டுக்காரர் என் பக்கம் திரும்பி, எத்தனையோ நாளைக்கு அப்புறம் என் முகத்தை முழுசாகப் பார்த்துச் சொன்னார்: "ஏளா, பசிக்கு."

அதுவரை கண்ணில் ஒரு சொட்டு வராமல் கிணற்றடிக்கும் வாசலுக்குமாக ஓடிக்கொண்டிருந்தவள் நான். அந்த முள்ளுக்குள், குப்பைக்குள் அப்படியே உட்கார்ந்து, தலையில் அடித்துக்கொண்டு ஓவென்று அழுதேன். அண்ணாச்சி எழுந்திருக்கப் போனவர், மறுபடி மண்ணில் சம்மணம் போட்டு உட்கார்ந்து தலையைக் குனிந்துகொண்டார். என்னையும் அவர் அழாதே என்று சொல்லவில்லை.